அரைத் தலைக்கட்டு

வெள்ளைக்காரி வருவாள் என்று காலையிலிருந்து ஊரே காத்துக் கிடந்தது. வந்தது ஜெபமணி.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஜெபமணி நம்மூர்ப் பெண்ணாக, ஒல்லியாக, கையில் ஒரு குடையும் தோளில் ஒரு பையுமாக இருந்தாள். மஞ்சக்கரட்டுப்பட்டிக்கு அது பெரிய ஏமாற்றம். ஏதோ ஒரு குளிர் நாடு, ஊரில் ஒருத்தர் வாயிலும் பேர் நுழையாத நாடு, இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் கைப்பம்பு போட்டுக் கொடுக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். கொடுக்கிற நாட்டிலிருந்து ஒரு ஆளாவது வந்து முகத்தைக் காட்ட வேண்டாமா? பள்ளிக்கூட வாத்தியார் வேறு நாலு வரி இங்கிலீஷை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு நின்றார். அது கடைசிவரை அவர் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷத்துக் கோடை அது. மழை ஏமாற்றி, ஊர்க்கிணறு வற்றி, நாட்டாமை சுருளியாண்டியின் திராட்சைத் தோட்டத்துக் கிணறு ஒன்றுதான் ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் மோட்டார் ஓடினால்தான். மோட்டார் ஓட கரண்ட் வர வேண்டும். அந்தக் கரண்ட் எப்போது வரும் என்பது கரண்டுக்கே தெரியாது.

கரண்டுக்காக வரப்பில் காத்துக் கிடந்தவர்களில் ஒருத்தி கிழக்குத் தெருப் பஞ்சவர்ணம். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றவள். அவளுடைய அம்மா சுப்புத்தாய் விடிந்ததும் திராட்சைக் கூடையோடு பஸ் ஏறி உத்தமபாளையம் சந்தைக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். புருஷன் செத்து ஆறு வருஷம். அப்புறம் தண்ணீருக்கு யார் போவது? பிள்ளைதான் போனாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பேரை எடுத்துவிட்டால் அடுத்தது மாப்பிள்ளை பார்க்கிற பேச்சுதான் என்று சுப்புத்தாய்க்குத் தெரியும். அவள் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆகவே ஜெபமணி பேச ஆரம்பித்தபோது, ஊர்க்கூட்டம் கூடுகிற மந்தைக்கு வெளியே பெண்கள் கூட்டத்தில் நின்ற சுப்புத்தாய் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"எஞ்சினியர் ரெண்டு எடம் பாத்திருக்காரு. மேக்க நாட்டாமை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல ஒண்ணு. கிழக்குத் தெரு முக்குல ஒண்ணு. ரெண்டுலயும் தண்ணி இருக்கு. ஆனா பம்பு ஒண்ணுதான். அத எங்க போடுறதுன்னு பெண்கள்தான் முடிவு சொல்லணும். பணம் குடுக்குற நாட்டோட நிபந்தனை அது" என்றாள் ஜெபமணி.

மந்தையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

"ஏந்தாயி, அந்த நாட்டுல ஆம்பளைகளே கெடையாதா?" என்று கேட்டார் நாட்டாமை.

"இருக்காங்க ஐயா. தண்ணி தூக்குறவங்ககிட்டதான் கேக்கணும்னு அவங்களுக்கும் புரிஞ்சிருக்கு."

நாட்டாமை மீசையைத் தடவினார். அவருக்குப் பம்பு மேற்கேதான் வேண்டும். வாசலுக்கு வாசலும் ஆச்சு, தோட்டத்துக்கு மருந்தடிக்கத் தண்ணீரும் ஆச்சு. மேற்கே வந்தால் கிழக்குத் தெருப் பெண்கள் நடக்கிற நடை ஒரு அடிகூடக் குறையாது என்பதும், மருந்து டிரம் நிறைந்த பிறகுதான் குடம் நிறையும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் எழுந்து நின்றார். பெரிய சட்டம் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"ஆபீசரம்மா சொல்றத நாங்க தட்டல. ஆனா ஊருன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல? இங்கன எல்லாமே தலைக்கட்டுக் கணக்குதான். கல்யாணமான ஆம்பள ஒரு தலைக்கட்டு. அவன் பொண்டாட்டி அவன் தலைக்குள்ள அடக்கம். ஒரு தலைய ரெண்டு தடவ எண்ண முடியுமா? முடியாது. புருசன் இல்லாத பொம்பள அரைத் தலைக்கட்டு. அரை வரி, அரைப் பங்கு. அப்ப இந்த ஊருல பொம்பளைன்னு கணக்குல நிக்கிறது அந்த அரைத் தலைக்கட்டுக மட்டுந்தான். அவுக வந்து சொல்லட்டும், எங்க போடணும்னு."

மந்தை மெச்சித் தலையாட்டியது. குறி சொல்லுகிற கோடாங்கி மட்டும், "நல்ல காரியத்துக்குப் போயி தாலியறுத்தவளுகளக் கூப்புட்டா வெளங்குமா?" என்று முனகினான். நாட்டாமை ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான். நாட்டாமையின் கணக்கே வேறு. ஊரில் அரைத் தலைக்கட்டு எட்டுப் பேர். நாதியற்றவர்கள், ஒரு அதட்டுப் போட்டால் அடங்குகிறவர்கள் என்பது அவர் நினைப்பு.

பெண்கள் பக்கமிருந்து நாட்டாமையின் சொந்த மனைவி கஸ்தூரியம்மாள் குரல் கொடுத்தாள்: "அப்ப நான் எப்ப ஓட்டுப் போடுறதாம்? ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனதுக்கு அப்புறமா?"

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நாட்டாமைக்குச் சட்டென்று இருமல் வந்தது. அந்த இருமலுக்கு அன்றைக்குப் பூரா அவர் சுக்குக் கஷாயம் குடித்தார் என்று கேள்வி.

ஜெபமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படிங்க, எல்லாப் பெண்களும்..." என்று ஆரம்பித்தாள். அப்போது கூட்டத்தில் ஒருத்தி, திராட்சைச் சாறு காய்ந்த சேலையோடு நின்ற ஒருத்தி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவது தெரிந்தது. சுப்புத்தாய்தான். ஜெபமணி பாதியில் நிறுத்தினாள்.

சுப்புத்தாய்க்கு உள்ளே சிரிப்பு பொங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பெண்களையும் கேட்டால் என்ன நடக்கும்? புருஷன்மார் பூராவும் நாட்டாமைக்கு மாமன் மச்சான். ராத்திரியே வீட்டில் உத்தரவு போட்டுவிடுவார்கள். மறுநாள் எல்லாப் பெண்களும் மேற்கே என்று சொல்லுவார்கள். உத்தரவு போட ஆளில்லாத எட்டுப் பேரை மட்டும் பொறுக்கியெடுத்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுத்திருக்கிறார் மனுஷன். தானாகச் செய்த காரியம். யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லிவிடுவதற்குள் ஜெபமணி கிளம்பிவிட வேண்டுமே என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது.

ஜெபமணி அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். துளை போடுகிற ரிக் வண்டி பண்ணைப்புரத்தில் நிற்கிறது, இடத்தைச் சொன்ன மறுநாளே வந்துவிடும் என்றும் சொன்னாள்.

அந்த வாரம் மஞ்சக்கரட்டுப்பட்டி விதவைகளுக்கு வந்த மரியாதையைப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போகிறவர்கள் நின்று நலம் விசாரித்தார்கள். எட்டுப் பேரில் மூக்கம்மாளுக்குத் தோட்டத்தில் நிழலான வேலை கிடைத்தது. அவளும் இன்னும் மூன்று பேரும் நாட்டாமை தோட்டத்திலேயே கூலிக்குப் போகிறவர்கள். அவர்களிடம் மரியாதையோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லப்பட்டது: அடுத்த காய்ப்புக்கும் வேலை வேண்டுமல்லவா? அந்த நாலு பேரும் மேற்கே என்று தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, வயிறு இருக்கிறதே.

சுப்புத்தாயிடம் அந்த மிரட்டல் செல்லாது. அவள் பிழைப்பு சந்தையில். ஆகவே நாட்டாமையின் கையாள் அம்மாவாசி வேறு வழியில் வந்தான்.

"நாட்டாமை ஒரு வார்த்த சொல்லச் சொன்னாக. வர்ற பொங்கல்ல கெடா வெட்டுனா ஒனக்கு முழுப் பங்கு. ஆம்பளைக்கு என்ன பங்கோ அதே பங்கு."

"இதுவரைக்கும் அரைப் பங்குன்னு பாதி எலும்பு வந்துச்சு. இனி முழு எலும்பு வரும், அம்புட்டுத்தான? எலும்பு தொண்டையில சிக்குனா குடிக்கத் தண்ணி வேணும்ல அம்மாவாசி. மொதல்ல அதுக்கு வழி பாப்போம்."

அம்மாவாசி தலையைச் சொறிந்துகொண்டு போனான். சுப்புத்தாய் சும்மா இருக்கவில்லை. அரைத் தலைக்கட்டில் இன்னொருத்தியான அக்கம்மாளைப் பார்த்தாள், கிழக்குத் தெருவில் மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். பார்த்தாள் என்றால், சந்தையில் விலை படியாத வியாபாரியைப் பார்ப்பதுபோல. மூன்று பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள். தன்னையும் சேர்த்து நாலு. அந்தப் பக்கமும் நாலு. சுப்புத்தாய் விரலை எத்தனை தடவை மடக்கிப் பார்த்தாலும் அது ஐந்தாகவில்லை.

சனிக்கிழமை ஜெபமணி வந்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். எட்டுப் பேரில் ஒருத்திகூடத் தூக்கவில்லை. சபையில் ஆண்களுக்கு முன்னால் கையைத் தூக்குவதா? பழக்கமில்லாத கை, குடத்தைத் தூக்கத் தெரியும், தன்னைத் தூக்கத் தெரியாது.

"ஆபீசரம்மா, குடத்த வைக்கச் சொல்லுங்க. கிணத்தடியில நாங்க அப்படித்தான். வரிசையில குடம் இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். எந்த எடம் வேணுமோ அங்கன அவவ குடத்தக் கொண்டுபோயி வைக்கட்டும்" என்றாள் சுப்புத்தாய்.

அது எல்லோருக்கும் புரிந்த பாஷை. இரண்டு இடத்திலும் எஞ்சினியர் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்பு அடையாளம் இருந்தது. எட்டுப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூக்கம்மாள் மேற்கே குடத்தை வைத்துவிட்டுச் சுப்புத்தாய் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள். கடைசியில் மேற்கே நாலு குடம், கிழக்கே நாலு குடம்.

ஜெபமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சமமா இருக்கு. முடிவாகலைன்னு நான் போய்ச் சொன்னா ரிக் வண்டி அடுத்த ஊருக்குப் போயிரும். வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்கு! எங்க அக்கா இருக்கு!" என்று துள்ளி எழுந்தார் நாட்டாமை.

சந்தனம்மாள் நாட்டாமைக்கு மூத்தவள். பத்தொன்பது வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. வீட்டுக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் நடுவே குடத்தோடு போவதும் வருவதும்தான் ஊர் அவளைப் பார்த்தது. அவள் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் முழிப்பார்கள். தம்பி வீட்டில் சாப்பிடுகிறவள் என்பதால் தலைக்கட்டுக் கணக்கில் அவளை முழுசாகவும் எண்ணியதில்லை, அரையாகவும் எண்ணியதில்லை.

சுப்புத்தாய் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தம்பி சோற்றைத் தின்கிறவள் தம்பி பக்கம்தானே வைப்பாள்? அஞ்சுக்கு நாலு. பஞ்சவர்ணம் குடத்தோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிற காட்சி கண்முன் வந்தது. பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. ஆத்திரத்தில் அவள் மந்தைக்குள்ளேயே காலெடுத்து வைத்துவிட்டாள்.

"அதெப்படி நாட்டாமை? அவுக எந்தக் கணக்குல இருக்காக? ஒங்க ஒலையில வேகுற சோத்தத் திங்கிறவுக தனித் தலையா? ஒங்க வழக்கப்படிதான பேசுறோம். இத்தன வருசமா ஊரு எண்ணாத ஆள இப்ப மட்டும் எதுக்கு எண்ணணும்? அவுகள எண்ணக் கூடாது!"

பேச்சு நல்ல பேச்சுதான். சந்தையில் பேசியிருந்தால் ஜெயித்திருக்கும். பேசி முடித்துத் திரும்பியபோது நாட்டாமை வீட்டு வாசலில் சந்தனம்மாள் வெறுங்குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சுப்புத்தாய்க்கு உடம்பு கூசிப்போயிற்று. எந்த வாயால் நாட்டாமையைத் திட்டினாளோ அதே வாயால் நாட்டாமை பேச்சைப் பேசியிருக்கிறாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. பிள்ளை படிப்பல்லவா?

நாட்டாமை விடவில்லை. கம்பைத் தரையில் ஊன்றினார்.

"எண்ணலைன்னா இப்ப எண்ணுறோம். இந்தச் சபையில வச்சுச் சொல்றேன். எங்க அக்கா சந்தனம்மா இன்னையிலருந்து தனி. அரைத் தலைக்கட்டு. யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கம்பை ஒரு தட்டுத் தட்டினார். முடிந்தது. இந்த ஊரில் அந்தத் தட்டுக்கு அப்பீல் கிடையாது, அவருக்கே கிடையாது.

சந்தனம்மாள் வாசல்படி இறங்கினாள். மேற்கு அடையாளம் அவள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அதை நோக்கி நடந்தாள். அங்கிருந்த நாலு குடத்தையும் பார்த்தாள். அப்படியே தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா! இங்கன, இங்கன!" என்று நாட்டாமை கத்தினார். அக்காளுக்குக் கண் சரியில்லையோ என்றுதான் அவர் நினைத்தார், பாவம்.

சந்தனம்மாள் மந்தையைக் கடந்தாள். ஆண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அந்த ஊரில் பிறந்தவள், கிழக்குத் தெருவை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பவள்போல இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து, முக்கில் சுப்புத்தாயின் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த நாட்டாமைக்கு மூச்சிரைத்தது. "என்னக்கா இது? வாசல்லயே பம்பு வந்தா ஒனக்குத்தான சொகம்?"

"சொகந்தான்" என்றாள் சந்தனம்மாள். கணீரென்ற குரல். "பம்பு வந்தா அதுவா அடிக்குமா? கைப்பிடிய அடிக்கப்போறது யாரு? நாந்தான். ஒன் திராட்சைக்கு மருந்தடிக்க டிரம்மு டிரம்மா நெறைக்கப்போறது யாரு? அதுவும் நாந்தான். கிழக்க வந்தா ஒரு கொடந்தான் தூக்க முடியும். போக வர நாலு மனுச மக்க மூஞ்சியவும் பாக்கலாம்."

"அக்கா..."

"இன்னொண்ணுடா தம்பி. சபையில என்னயத் தனின்னு நீயே சொல்லிட்ட. தனின்னா தனி ஒலை வேணும்ல? பின்னாடி ரூம்புல நான் அடுப்புப் போட்டுக்கிடுறேன். ஒன் வீட்டுத் தண்ணிய ஒன் தலைக்கட்டு பாத்துக்கிடட்டும்."

நாட்டாமை திரும்பி, கூட்டத்தோடு வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் கையை விரித்தாள். "நான் ஒங்க தலைக்குள்ளல்ல அடக்கம்? நீங்க கொடத்த எடுத்துட்டுப் போனா நானும் கூடவே வந்த மாதிரித்தான்."

இந்தத் தடவை ஒருத்தியும் முந்தானையை வாயில் வைக்கவில்லை. அந்தச் சிரிப்பு ஊரை ஒட்டிய பாறைக் கரட்டில் மோதித் திரும்பியது. மேற்கே குடம் வைத்த மூக்கம்மாளும் சிரித்தாள். ஜெபமணி, "கிழக்குத் தெரு. அஞ்சுக்கு நாலு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, யாரும் மனசு மாறுவதற்குள் ஜீப்பில் ஏறினாள். பஞ்சவர்ணம் பழைய புத்தகப் பையைத் தேடி வீட்டுக்கு ஓடினாள். அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சுப்புத்தாய் சந்தனம்மாளிடம் போனாள். பஸ் கண்டக்டர்களே பயப்படுகிற அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"சந்தனக்கா... நான் சொன்னது..."

"கேட்டுச்சு" என்றாள் சந்தனம்மாள். "அவனுக்கு ஓட்டு வேணும்னு என்னய எண்ணுனான். ஒனக்கு ஓட்டு வேணும்னு நீ எண்ண வேணாம்னு சொன்ன. ரெண்டு பேருக்காகவும் நான் கொடத்த வைக்கல. எனக்காக வச்சேன்."

சுப்புத்தாய்க்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஜெயித்த அன்றைக்கு அழுவது அவளுக்கே அசிங்கமாகப் பட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

சந்தனம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அடுப்புக்கு மூணு கல்லு வேணும். நின்னு அழுகுறதுக்குக் கரட்டுக்கு வந்து தூக்கு."

சுப்புத்தாய் போனாள். இருப்பதிலேயே பெரிய கல்லைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். கழுத்து இறங்கிவிட்டது, ஆனாலும் வழியில் இறக்கி வைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நாட்டாமை வீட்டுப் பின்கட்டிலிருந்து தனியாக ஒரு புகை கிளம்பியது. கஸ்தூரியம்மாள் முந்தானையில் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டுப் போனாள். மண்சட்டி அக்கம்மாள் கொடுத்தது. சுப்புத்தாய் கல்லைச் சரிபார்த்து, அடுப்பு ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்பப் பார்த்தாள். கூட வந்திருந்த பஞ்சவர்ணமும் எழுந்தாள்.

"இரு" என்றாள் சந்தனம்மாள். அவள் குரல் இப்போது கணீரென்று இல்லை. "சாப்புட்டுப் போங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டிருப்பாள்? ஆனால் ஒரு ஆளைப் பார்த்துச் சாப்பிட்டுப் போ என்று சொல்ல அவளுக்கென்று சோறு இருந்ததில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்லுகிற வாய் எப்போதும் வேறு யாருடையதாகவோ இருந்தது. சுப்புத்தாய்க்கு அது சட்டென்று உறைத்தது. கிளம்பாமல் உட்கார்ந்தாள். பிள்ளையையும் பிடித்து உட்கார வைத்தாள்.

புது அடுப்பில் தீ ஒரு பக்கமாக எரிந்து சோறு அடியில் பிடித்திருந்தது. பருப்பில் உப்பு இல்லை. சுப்புத்தாய் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.